கண்ணாடிக்காரர் வாங்கிய வைஃபை பெட்டி

சுவர் முழுக்க நிலைக்கண்ணாடி பதிப்பதில் கண்ணாடிக்காரரை அடிக்க ஆளில்லை. அவருடைய மகள் வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறாள். நாலு மாதமாக அங்கே வைஃபை சரியாக எட்டவில்லை. ஆபீசோடு பேசும் வீடியோ பேச்சு பாதியில் அறுந்துபோகிறது. இன்னொரு தடவை அறுந்தால் வெளியூர் ஆபீசுக்கே வந்துவிட வேண்டும் என்று மேலாளர் கறாராகச் சொல்லிவிட்டார். மகளை அனுப்ப மனசில்லாமல் கண்ணாடிக்காரர் கடைக்கு ஓடினார்.

“இருக்கிறதுலயே விலை கூடின வைஃபை பெட்டியா குடும்மா. சுவரைத் துளைச்சுட்டுப் போகணும்.”

“நடுவுல என்ன சுவருண்ணே?” என்றாள் கடைக்காரப் பெண்.

“சாதாரண செங்கல்தான். நாலு மாசம் முன்னாடி அதுல தரையிலிருந்து கூரை வரைக்கும் நானே கண்ணாடி பதிச்சேன்.”

அவள் சிரித்துவிட்டாள். “கண்ணாடி முதுகுல பூசுறது வெள்ளிதானே? அதைத் தாண்டி சிக்னல் போறது கஷ்டம்ணே. பெரிய பெட்டிக்குக் காசைக் கொட்டாதீங்க. இந்தச் சின்னது போதும். வயரை இழுத்து பாப்பா ரூமுக்குள்ளயே மாட்டுங்க.”

கண்ணாடிக்காரர் சின்னதை வாங்கிவந்து, சொன்னபடியே மாட்டினார். மகள் ஒரு மணி நேரம் அறுபடாமல் பேசிவிட்டு ஓடிவந்தாள்.

“அப்பா, நான் எங்கயும் போகல!”

அவர் பேயறைந்தவர்போல உட்கார்ந்திருந்தார்.

“என்னப்பா ஆச்சு?”

“இந்த வருஷம் பதினோரு வீட்ல பதிச்சிருக்கேன்டி. அதுக்கப்புறம் நெட்டு சரியில்லன்னு அத்தனை பேரும் புலம்பினாங்க. நானும் கூடச் சேர்ந்து நெட்டுக் கம்பெனிக்காரனைத் திட்டிட்டு வந்தேன்!”