காணவில்லை: ஒரு அப்பா

அந்த ஞாயிற்றுக்கிழமை என் மகள் நிஜமாகவே சிரித்தாளா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

என் கணவர் கம்பெனி வேலையாக அமெரிக்கா போனபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. ஆன்சைட் ஆறு மாதம் என்றுதான் பேச்சு. ஞாயிறு காலை, மராத்தி பேசும் ஊரான நிக்டியில் எங்கள் வீட்டில் டிபன் முடிந்ததும் கம்ப்யூட்டரில் அவரோடு சாட். அவருக்கு அப்போது சனிக்கிழமை ராத்திரி. வெப்கேம் வாங்கியும் எங்கள் இணைப்பு அதைத் தாங்கவில்லை. எழுத்து மட்டும்தான் போகும். மகள் டைப் செய்வாள். நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து திரையைப் பார்ப்பேன்.

அவளுக்குத் தமிழ் பேச்சோடு சரி, அதுவும் தட்டுத்தடுமாறித்தான். சாட்டில் எல்லாம் ஆங்கிலம். தோழிகளிடமிருந்து மெயிலில் வரும் ஜோக்குகளின் பாணியிலேயே அப்பாவுக்கும் எழுதுவாள். ஒரு வாரம் இப்படி எழுதினாள்: “காணவில்லை: ஒரு அப்பா. கடைசியாகப் பார்த்தபோது அவல் போஹா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கண்டுபிடிப்பவர்களே வைத்துக்கொள்ளலாம்.” கீழே வரிசையாக ஆறு சிரிக்கும் முகங்கள். அவர் பதிலுக்குப் பத்து அனுப்பினார். நானும் வாய்விட்டுச் சிரித்தேன். அவள் முகத்தைப் பார்த்தேனா என்பது நினைவில்லை.

அந்த வாரம்தான் அவருடைய மேனேஜர், இன்னும் ஆறு மாதம் இருக்க முடியுமா என்று கேட்டிருந்தார். மகள் பள்ளிக்குப் போயிருந்த நேரம் பார்த்து என் கணவர் எனக்குப் போன் செய்தார்.

“பாப்பா ஏங்கறான்னா சொல்லு, வந்துடறேன்.”

“அவ ஜாலியாத்தாங்க இருக்கா. வாராவாரம் ஜோக்கடிக்கறத நீங்கதான் பாக்கறீங்களே.”

தனியாகச் சமாளிக்கத் தெரியாதவள் என்று பெயர் வாங்கிவிடக் கூடாது என்ற நினைப்பும் எனக்கு இருந்தது. அவர் கம்பெனியில் சரி சொல்லிவிட்டார்.

அடுத்த ஞாயிறு மகளிடம் அவரே செய்தியை எழுதினார். அன்று ஏனோ திரையை விட்டு அவளைப் பார்த்தேன். விழுந்து விழுந்து சிரிக்கிறேன் என்று அர்த்தம் வரும் நான்கு எழுத்துகளை அவள் விரல்கள் அடித்துக்கொண்டிருந்தன. முகத்தில் ஒன்றுமே இல்லை. சாட்டை மூடும்வரை காத்திருந்தேன்.

“நீ சிரிக்கவே இல்லையே, கண்ணு?”

“அரே அம்மா, அதுக்கு யாரும் நெஜமா சிரிக்க மாட்டாங்க. சும்மா போடறது.”

“அப்பா வரலைன்னு வருத்தமா இருக்கா?”

“அப்பா ஹேங் ஆயிட்டாரு. ரீஸ்டார்ட் பண்ணா வந்துடுவாரு.”

சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். அவரைக் கூப்பிட்டுச் சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். என்ன சொல்வது? குழந்தை ஜோக்கடிக்கிறாள், திரும்பி வாருங்கள் என்றா? சொல்லவில்லை.

அவளுக்கு மூன்று வயதாக இருந்தபோது அவர் ஒரு மாதம் டிரெயினிங்குக்காகச் சென்னை போயிருந்தார். எங்கள் காலனி முனையில் இருந்த எஸ்டிடி பூத்துக்கு அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு போவேன். ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “அப்பா வா. இப்ப வா,” என்று கத்தி அழுவாள். வெளியே வரிசையில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு அப்போது வெட்கமாக இருக்கும். இப்போது அந்தக் குரலை ஒரே ஒரு தடவை கேட்க மாட்டோமா என்று இருக்கிறது.

அவர் திரும்பி வந்து ஒரு வருடமாகிறது. வந்த அன்று அவள் அப்பாவின் அருகில் போகவில்லை. அவர் படுக்கையறையில் லேப்டாப்பைத் திறந்ததும், ஹாலில் இருந்தபடி அவருக்குச் செய்தி அனுப்பினாள். உள்ளே அவர் சிரிக்கும் சத்தம் கேட்டது. ஹாலில் சத்தமே இல்லை.

இப்போது அவளுக்குப் பதினான்கு. கேட்டால் ஜோக்கு வரும். கேட்காமல் இருந்தால் அதுவும் வராது. அந்த ஆறு மாதம் அப்பாவே விரும்பித் தங்கியதாகத்தான் அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவள் ஜாலியாக இருக்கிறாள் என்று நான் சொன்ன பேச்சால்தான் தங்கினார் என்பது அவளுக்குத் தெரியாது. அதைச் சொன்னால் ஒருவேளை என்மேலாவது நேராகக் கோபித்துக்கொள்வாள். அல்லது அதற்கும் நான்கு எழுத்து அடித்துவிட்டுப் போய்விடுவாள்.

இந்த வயதில் பெண்ணோ பையனோ இருக்கும் வாசகர்கள் யாராவது எழுதுங்கள். அவளிடம் நான் இதைச் சொல்லலாமா? சொல்வதென்றால், எப்படி ஆரம்பிப்பது?