நாலாவது குண்டில் நின்ற ரிவால்வர்

அமெரிக்காவில், கேட்டி என்ற ஊரில், ஒரு கேஸ் ஸ்டேஷனும் (பெட்ரோல் பங்க்) அதை ஒட்டிய சின்னக் கடையும் வசந்தாமணியுடையவை. கணவர் சேனாபதிக்கு எண்ணெய்க் கம்பெனியில் வேலை போனபோது இருவரும் சேர்ந்து வாங்கியவை. சேனாபதி கல்லாவில் உட்காருவார். மற்ற எல்லாவற்றையும் வசந்தாமணி பார்த்துக்கொள்வாள். பொருள் இறக்க வருகிறவர்கள் அவளிடம் குரலை உயர்த்தமாட்டார்கள். ஒருமுறை உயர்த்தியவர்கள் மறுமுறை உயர்த்தியதில்லை.

1997 கோடையில், பட்டப்பகலில், ஒருவன் சேனாபதியின் நெற்றியில் துப்பாக்கியை வைத்துக் கல்லாவைத் துடைத்துக்கொண்டு போனான். பால் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்த வசந்தாமணி, குளிர் அறைக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்தாள். கத்தக்கூட முடியவில்லை. தன் வாய் அடைத்துப்போனதை அவளால் மன்னிக்கவே முடியவில்லை.

"ஏனுங்க, கடைல ஒரு துப்பாக்கி இருக்கோணும்."

"நமக்கு எதுக்கு வசந்தா அதெல்லாம்? பணத்தக் குடுத்தா போயிடறான்."

"வாங்கிட்டும் சுட்டிருந்தான்னா?"

சேனாபதி கார்ச் சாவியை எடுத்தார்.

துப்பாக்கிக் கடைக்காரர் அவர்களுக்கு ஒரு புத்தம்புது ரிவால்வரைக் காட்டினார். வேறு துப்பாக்கிகள் மக்கர் பண்ணும், ரிவால்வர் பண்ணவே பண்ணாது, விசையை அழுத்தினால் சுடும், அவ்வளவுதான் என்றார். அந்தப் பேச்சை நம்பித்தான் வசந்தாமணி வாங்கினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சுட்டுப் பழகும் ரேஞ்சில், மூன்று குண்டுகள் ஒழுங்காகப் போயின. நாலாவதற்கு விசை அசையவில்லை. குண்டுகள் இருக்கும் உருளை சுழலாமல் அப்படியே இறுகிப்போயிருந்தது. ரேஞ்சில் வேலை செய்தவர் வந்து மரச்சுத்தியலால் மெல்லத் தட்டித்தான் அதைத் திறக்க முடிந்தது.

மறுநாளே துப்பாக்கிக் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் வசந்தாமணியைப் பார்க்காமல் சேனாபதியிடம் பேசினார். பெண்களின் கைக்கு வலு போதாது, விசையை முழுக்க இழுத்திருக்கமாட்டார்கள் என்றார்.

"சுட்டது நான். என்னப் பாத்துப் பேசு," என்று வசந்தாமணி ஆங்கிலத்தில் சீறினாள். வேண்டாவெறுப்பாக அவர் அதைத் தயாரித்த கம்பெனிக்கு அனுப்பிவைத்தார். சில வாரங்கள் கழித்து அது திரும்பி வந்தது. குறை எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

"கம்பெனிக்காரனே சொல்லிட்டான். உடேன் வசந்தா," என்றார் சேனாபதி.

"சுட்டுப் பாத்துட்டு உடறேன்."

இந்த முறை இரண்டாவது குண்டிலேயே விபரீதம். உருளையும் குழாயும் நேருக்கு நேர் சேராததால், குண்டின் ஓரம் சீவப்பட்டு, ஈயச் சில்லு ஒன்று பக்கவாட்டில் பறந்தது. அருகில் நின்ற சேனாபதியின் கன்னத்தைக் கிழித்தது. பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. சட்டைக் காலர் நனையும்வரை ரத்தம் வந்தது.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டு முடித்ததும், வசந்தாமணி அவரையும் கூட்டிக்கொண்டு நேராகத் துப்பாக்கிக் கடைக்குப் போனாள். நாலைந்து வாடிக்கையாளர்கள் நின்றிருந்தார்கள். ரிவால்வரை அதன் டப்பாவோடு மேஜைமேல் வைத்தாள்.

"இப்ப நீ சுடு. உன் கைக்கு வலு இருக்கில்ல? எல்லாரும் பாக்கட்டும்."

கடைக்காரர் சிரித்து மழுப்பப் பார்த்தார். அவள் நகரவில்லை. கடைசியில் பின்புறம் இருந்த சோதனைக் கூடத்துக்கு எடுத்துப் போனார். வாசலில் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். நாலாவது குண்டில் விசை நின்றது. அவர் இரண்டு கையாலும் இழுத்தார். முகம் சிவந்ததுதான் மிச்சம்.

அப்போதும் அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. அதே வகையில் இன்னொன்று தருகிறேன் என்றார். புது டப்பா ஒன்றைப் பிரித்தார். அதன் உருளையை வசந்தாமணி விரலால் ஆட்டினாள். அதுவும் லொடலொடவென்று ஆடியது.

அவர்களுக்குத் தெரிந்த வக்கீல் ராமசுப்ரமணியனுக்கு அன்று மாலையே போன் செய்தாள். எந்த ஆபீஸில் கம்ப்ளெயின்ட் பண்ணுவது என்று கேட்டாள்.

"ஆபீஸே இல்லைங்க," என்றார் அவர். "பொம்மைத் துப்பாக்கில கோளாறுன்னா திரும்ப வாங்கச் சொல்ல கவர்மென்ட்ல ஆள் இருக்கு. நிஜத் துப்பாக்கிக்கு அந்த அதிகாரம் யாருக்கும் குடுக்கல. கேஸ் போடலாம். ஆனா கன்னத்துல நாலு தையலுக்கு எந்த வக்கீலும் எடுக்கமாட்டாங்க."

"அப்ப கண்ணு போயிருக்கோணுமா? உசுரு போயிருக்கோணுமா?"

அவள் போனை வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை, ஒரு அட்டையில் பெரிய எழுத்தில், 'வாங்கும் முன் கடைக்காரரையே சுட்டுக் காட்டச் சொல்லுங்கள்' என்று ஆங்கிலத்தில் எழுதி, துப்பாக்கிக் கடைக்கு வெளியே நடைபாதையில் போய் நின்றாள். கல்லூரியில் படித்த மகள் கயல் காரில் இருந்தபடி, "அம்மா, ப்ளீஸ், எல்லாரும் பாக்கறாங்க," என்று கெஞ்சினாள்.

"பாக்கத்தான நிக்கறேன்."

கடைக்காரர் போலீஸைக் கூப்பிட்டார். வந்த அதிகாரி அட்டையைப் படித்தார். இது பொது நடைபாதை, அவள் யாரையும் தடுக்கவில்லை, தான் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று கிளம்பினார்.

வெயில் மண்டையைப் பிளந்தது. சிலர் கெட்ட வார்த்தை சொன்னார்கள். ஒருவர் அவளைச் சொந்த ஊருக்கே திரும்பிப் போகச் சொன்னார். "இதுதான் என் ஊரு. நீ உள்ள போய்ச் சுட்டுப் பாரு," என்றாள். அவர் உள்ளே போனார். வெறுங்கையோடு வெளியே வந்தார். அவளைப் பார்க்காமல் காரில் ஏறினார்.

மூன்றாவது சனிக்கிழமை கடைக்காரர் வெளியே வந்தார். பணத்தைத் திருப்பித் தந்தார். அந்த வகை ரிவால்வர்களைக் கண்ணாடி அலமாரியிலிருந்து எடுத்துவிட்டதாகச் சொன்னார். அவள் உள்ளே போய் அலமாரியைத் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் அட்டையை மடித்தாள்.

வேறு துப்பாக்கி வாங்கவில்லை. கல்லாவைச் சுற்றித் தடித்த கண்ணாடி போட்டார்கள். விருந்துக்கு வருகிறவர்கள் சேனாபதியின் தழும்பைப் பார்த்து, நல்லவேளை, பெரிசா ஒன்றும் ஆகவில்லை என்பார்கள். வசந்தாமணிக்கு அந்த வார்த்தை ஆகவே ஆகாது.

"நாங்க வாங்குன கடைல மட்டுந்தான் எடுத்தான். மத்த கடைல இன்னும் அத விக்கறான்," என்பாள். பிறகு விருந்தாளி என்றும் பார்க்காமல் முழுக் கதையையும் சொல்லித் தீர்ப்பாள்.