ஜெனிஸ்ரனுக்கு வைத்த பூசை

டிலுக்சி என்ற பெயரைப் பிலோமினா முதலில் கேட்டது திரேஸ்புரம் கருவாட்டுக் கொட்டகையில்தான். நெத்திலி காயப்போட அகதி முகாமிலிருந்து புதிதாக ஒரு பிள்ளை வந்திருக்கிறாள் என்று செல்லத்தாய் வந்து சொன்னாள்.

“பேரு டிலுக்சியாம். சோப்புக்கு வைக்கிற பேரப் பிள்ளைக்கு வச்சிருக்காவ.”

“ஒன் பேரு என்ன, மகாராணி பேரா? வேலையப் பாருளா” என்றாள் பிலோமினா.

பிலோமினா திரேஸ்புரத்து ஜேசுபாதத்தின் மூத்த மகள். மணப்பாட்டில் கட்டிக்கொடுத்தார்கள். புருஷன் கடலுக்குப் போனான். வள்ளம் ஒதுங்கியது, உடம்பு கிடைக்கவில்லை. ஒரு வருஷம் வரைக்கும் அவனுக்கும் சேர்த்தே சோறு வடித்தாள். மாமியார் இறந்தவர்களுக்கான பூசை வைத்து, மாதா கோயிலில் சாமியார் அவன் பெயரை வாசித்த அன்றைக்குத்தான் அவளுக்கு அழுகை வந்தது. அழுது முடித்துவிட்டு அப்பன் வீட்டுக்குத் திரும்பி வந்தவள்தான், இத்தனை வருஷமாகக் கொட்டகையில் கிடக்கிறாள்.

டிலுக்சி இலங்கையில் மன்னார்ப் பக்கம் பேசாலைக்காரி. எட்டு வயதில், சண்டைக்குப் பயந்து படகேறினாள். அவளும் அம்மாவும் முன்படகில். தம்பி ஜெனிஸ்ரன் மாமாவின் மடியில் பின்படகில். முன்படகு மணல்திட்டில் இறக்கிவிட்டது. பின்படகு எங்கே போனதென்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. முகாமுக்கு வந்த கொஞ்ச வருஷத்தில் அம்மாவும் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். இதையெல்லாம் அந்தப் பிள்ளை ஒரே மூச்சில் சொன்னதில்லை. மீனைக் கிளறிவிடும்போது ஒன்று, கூடை தூக்கும்போது ஒன்று என்று உதிர்த்ததைப் பிலோமினாதான் கோத்துக்கொண்டாள்.

மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் டிலுக்சி நூலகத்துப் புத்தகம் ஒன்றை விரித்து உட்காருவாள். வாய்க்குள்ளேயே படிக்கிறாளே என்று, சத்தமாக வாசிக்கச் சொன்னார்கள். கதையில் பனி கொட்டுகிற ஏதோ ஒரு தேசம். சண்டையில் வீட்டை இழந்த அக்காளும் தம்பியும் நடந்தே எல்லையைத் தாண்டப் போகிறார்கள்.

“செருப்பாவது போட்டிருக்கானா அந்தப் பய?” என்பாள் செல்லத்தாய். மறுநாள் கொட்டகைக்குள் வரும்போதே, “ஏளா, நேத்து அதுக எங்கன படுத்துச்சு?” என்று கேட்டுக்கொண்டே வருவாள்.

கடைசியில் ஆற்றைக் கடக்கும்போது தம்பியைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. அக்காள் அவனுடைய தொப்பியைக் கரையில் புதைத்து, மேலே ஒரு குச்சியை நட்டுவிட்டுத் தனியாக நடந்தாள். கொட்டகையே மூக்கைச் சிந்தியது. டிலுக்சி மட்டும் அழவில்லை.

“இன்னும் தேடியிருக்க வேணும்” என்றாள். புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போனாள்.

பிலோமினா அதைத் தன் கணக்கில் புரிந்துகொண்டாள். பிள்ளைக்கு அழுகை உள்ளேயே கட்டி நிற்கிறது. நமக்கு இறங்கியது போல இதற்கும் இறங்கட்டும் என்று நினைத்தாள். கல்லறைத் திருநாள் பூசைக்கு ஜெனிஸ்ரன் பெயரைக் கொடுத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் டிலுக்சியையும் கோயிலுக்குக் கூட்டிப்போனாள்.

இறந்தவர்கள் பெயரைச் சாமியார் வரிசையாக வாசித்தார். “பேசாலை ஜெனிஸ்ரன்” என்றார். டிலுக்சி எழுந்தாள். யாரையும் பார்க்காமல் வெளியே போனாள். மறுநாள் கொட்டகைக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

பிலோமினா பஸ் ஏறி முகாமுக்குப் போனாள். டிலுக்சி வாசலிலேயே நிறுத்தினாள்.

“அவன் செத்தவன் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது, அன்ரி?”

“ஒருத்தரும் சொல்லலளா. எங்க வீட்டுக்காரருக்கு வச்சப்ப எனக்கு நெஞ்சு லேசாச்சு. ஒனக்கும் ஆகும்னுதான்...”

“அவன் இருக்கிறான் எண்டு நினைக்கிறதுக்கு இந்த உலகத்தில நான் ஒருத்திதான் மிச்சம். நானும் விட்டால் அவனுக்கு ஆர் இருக்கினம்?”

பிலோமினா திரும்பும்போது நேரே சாமியாரிடம் போய், வைத்த பூசையை எடுத்துவிட வேண்டும் என்று கேட்டாள். அவர் சிரித்துவிட்டார்.

“வச்ச பூசைய எப்படிம்மா எடுக்கிறது? கேக்க ஆளில்லாத ஆன்மா எத்தனையோ இருக்கு. அதுகளுக்குப் போகட்டும்.”

அது அவளுக்குப் போதவில்லை.

கடற்கரையில் சிலுவை நட்ட குருசடியில் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பெண்கள் கூடிச் செபமாலை சொல்வார்கள். முடிந்ததும், கடலில் ஆள் இருக்கிற வீட்டுக்காரி ஒவ்வொருத்தியும் தன் ஆள் பெயரை உரக்கச் சொல்லுவாள். “கரை சேரட்டும்” என்பார்கள் மற்றவர்கள். செத்தவன் பெயரை அங்கே சொல்வதில்லை. புருஷனுக்குப் பூசை வைத்த பிறகு பிலோமினா அந்த இடத்தில் வாய் திறந்ததே இல்லை. அன்றைக்குத் திறந்தாள்.

“பேசாலை ஜெனிஸ்ரன்.”

முன்னால் இருந்த கிழவி திரும்பினாள்.

“அது யாருளா? எந்த வள்ளம்?”

“பேசாலை வள்ளம்.”

“எப்பப் போனது?”

“எப்பப் போனா ஒனக்கென்ன? இன்னும் கரை பிடிக்கல.”

செல்லத்தாய் வேதக்காரி இல்லை, இந்துதான். மகன் கடலுக்குப் போகிறான் என்று குருசடிக்கு வருகிறவள். “இவனுக்குத்தானக்கா அன்னைக்குப் பூசை வச்ச?” என்றாள்.

“வச்சேன். தப்பா வச்சுட்டேன். இப்பச் சொல்லுங்களேன்ளா, வாய் வலிக்குதா?”

செல்லத்தாய்தான் முதலில் சொன்னாள்: “கரை சேரட்டும்.” பிறகு எல்லோரும் சொன்னார்கள்.

செல்லத்தாய் வாய் சும்மா இருக்குமா? சேதி முகாமுக்கும் போனது. சில வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை டிலுக்சி வந்து, பிலோமினா பக்கத்தில் முட்டி போட்டாள். பெயர் சொல்லும் முறை வந்ததும் பிலோமினா அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் வாயை மூடிக்கொண்டாள். டிலுக்சி அதைத் தானே சொன்னாள். அன்றைக்குத்தான் பிலோமினா அவள் அழுவதைப் பார்த்தாள்.

டிலுக்சிக்கு இப்போது இருபத்தைந்து வயது. பெயின்ட் அடிக்கிற புருஷனோடும் கைப்பிள்ளையோடும் அதே முகாமில் இருக்கிறாள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இன்னும் குருசடிக்கு வந்து அந்தப் பெயரைச் சொல்கிறாள்.