ஏகாம்பரத்தின் ஆடாத கோடு

பங்குச் சந்தைக் கணினியின் முன்னால் உட்காரும் வேலை என்றால் பணத்தோடு புழங்கும் வேலை என்று பலர் நினைப்பார்கள். உண்மையில் அது அடுத்தவர் பயத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காரும் வேலை. சந்தையில் கையைச் சுட்டுக்கொண்ட உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இரண்டாயிரத்துச் சொச்சத்தில், திருவொற்றியூரில் ஒரு மருந்துக்கடை மாடியிலிருந்த சின்னத் தரகர் ஆபீசில் கணினி என் பொறுப்பு. எனக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளில் வாடிக்கையாளர்கள். விலை ஏறினால் அங்கிருந்து பேச்சு வரும். இறங்கினால் மூச்சு மட்டும் கேட்கும். அந்த மூச்சுக்கு நான் கடைசிவரை பழகவே இல்லை.

யாருடைய கட்டம்?

எங்கள் சார்ட் மென்பொருளில் திரையை நாலு கட்டமாகப் பிரித்து, நாலு கம்பெனிகளின் விலைக்கோட்டை ஒன்றாகப் பார்க்கலாம். அது வந்த கொஞ்ச நாளிலேயே அந்தக் கட்டங்களுக்கு வாடிக்கையாளர்கள் ஆளாளுக்குப் பட்டா போட்டுக்கொண்டார்கள். மேலே இடது பக்கம், காசிமேட்டில் ஐஸ் கம்பெனி வைத்திருந்த பாஸ்கருடையது. கீழே வலது பக்கம் ஏகாம்பரத்துடையது. ஏகாம்பரம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவர். கைக்கு வந்த மொத்தத்தையும் ஒரே இரும்புக் கம்பெனியில் போட்டிருந்தார். கேட்டபோதே எனக்குப் பகீரென்றது.

ஒருநாள் முதலாளி சொன்னாரென்று பாஸ்கரின் கட்டத்தில் வேறு கம்பெனியைப் போட்டேன். டீ குடித்துவிட்டு வந்த பாஸ்கர் திரையைப் பார்த்ததும் வெளிறிப்போனார். எல்லாவற்றையும் உடனே விற்கச் சொல்லிக் கத்தினார். பழைய கோட்டைத் திரும்பக் கொண்டுவந்து காட்டிய பிறகுதான் உட்கார்ந்தார். "இன்னாம்மா ஸ்டெல்லா, கட்டத்த காணோம்னதும் கம்பெனியவே இஸ்து மூடிட்டானுங்கன்னு இல்ல நெனச்சேன்!"

கரண்ட் போன மதியம்

மின்சாரம் தயாராகும் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறோம் என்ற பெயர்தான் எங்களுக்கு. காலையில் திரையைத் துடைத்தால் அனல்மின் நிலையத்துச் சாம்பலில் துணி கறுத்துவிடும். கரண்ட் மட்டும் அதன் இஷ்டத்துக்குத்தான் வரும்.

ஒரு மதியம் நாலு கோடும் சொல்லிவைத்தாற்போல் இறங்கிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. யு.பி.எஸ். கொஞ்ச நேரம் கீச்சிட்டுவிட்டு அதுவும் அடங்கியது. தலைமை ஆபீசுக்குப் போன் போட்டால் எங்கேஜ்டு. கறுத்த கண்ணாடியில் எங்கள் முகங்கள்தான் தெரிந்தன. ஏகாம்பரம் நாற்காலியின் கைப்பிடியைக் கிரேன் லீவரைப் பிடிப்பதுபோல் இறுக்கிப் பிடித்திருந்தார். "யம்மா, இருட்டுல அது நின்னுகினு கீதா, வுயுந்துகினே கீதா?"

நசுங்கின கோடு

தனித்தனிக் கட்டத்தில் ஒரு தொல்லை உண்டு. ஒவ்வொரு கட்டமும் தன் கோட்டுக்குத் தகுந்தபடி அளவை மாற்றிக்கொள்ளும். அரை ரூபாய் இறங்கினாலும் கோடு உச்சியிலிருந்து அடிவரை விழுவதுபோல் தெரியும். ஏகாம்பரம் அதைப் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். இந்தக் கலாட்டா தாங்காமல் முதலாளி நாலு கோட்டையும் ஒரே கட்டத்தில், ஒரே அளவில் போடச் சொன்னார். மற்ற மூன்றும் ஆயிரக்கணக்கில் விலை போகிறவை. ஏகாம்பரத்தின் பங்கோ நூறுக்குள். அவர் கோடு அடியில் நசுங்கி, தரையில் போட்ட கயிறுபோல் ஆடாமல் கிடந்தது. மனிதர் முதல்முறையாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

உண்மையான சரிவு அதற்குப் பிறகுதான் வந்தது. அவர் பங்கு பாதி விலைக்கு வந்துவிட்டது. கோடு மட்டும் அப்படியே கிடந்தது. தினமும் விலையை வாய்விட்டுச் சொல்வேன். அவர் காதில் விழாததுபோல் திரையைப் பார்த்துச் சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்க்கத்தான் எனக்குப் பயம். தனிக் கட்டத்தில் போட்டுக் காட்டட்டுமா என்று கேட்டதும், காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். "வாணாம்மா. நாளிக்கு எம் பொஞ்சாதிய இட்டாரேன், அது இத்த பாக்கட்டும். பிரஷர் ஒடம்பு. வெலைய மட்டும் அதுகிட்ட சொல்லிடாத."

நாகம்மா வந்த நாள்

மறுநாள் மனைவி நாகம்மாவோடு வந்தார். "பாத்தியா, ஆடாம அசையாம கீது" என்று திரையைக் காட்டினார். நாகம்மா தலையாட்டினார். ஏகாம்பரம் டீ வாங்கக் கீழே இறங்கியதும் நாகம்மா என் பக்கம் குனிந்தார். டீக்கடைப் பேப்பரில் தினமும் விலை பார்க்கிறாராம். பாதி போனது தெரியுமாம். "அவருகிட்ட சொல்லிடாதம்மா, பயந்துடுவாரு" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! ஒரே வீட்டில் இரண்டு பேர், ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் பயந்துகொண்டிருக்க, நடுவில் நான் எதற்கு? டீயோடு வந்தவரை மனைவி பக்கத்தில் உட்காரவைத்து, அவர் கோட்டைத் தனிக் கட்டத்தில் போட்டேன். மேல் மூலையிலிருந்து கீழ் மூலைவரை சரிந்து கிடந்தது. "ரெண்டு பேருக்கும் வெலை தெரியும். ஒண்ணா உக்காந்து பாருங்க" என்றேன்.

சொன்ன பிறகுதான் பிரஷர் ஞாபகம் வந்தது. நாகம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? ஏகாம்பரம் திரையைப் பார்க்கவில்லை. மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏகாம்பரத்தின் கண் கலங்கியிருந்தது. நாகம்மா கோட்டை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். பிறகு முந்தானையால் புருஷன் முகத்தைத் துடைத்துவிட்டார். "மீதிய வித்து எட்துகினு எய்ந்து வாய்யா. போனது போவட்டும், இந்த பயமும் அதோடயே போவட்டும்."

அவர் விற்ற பிறகு அந்தப் பங்கு ஏறியதா இறங்கியதா என்று என்னைக் கேட்காதீர்கள். அவர்கள் படி இறங்குவதற்குள் அந்தக் கட்டத்தில் வேறு கம்பெனியைப் போட்டுவிட்டேன், பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.