ஆம்பூரில் இரண்டு முத்திரைகள்

ஆம்பூர் கடைத்தெருவில் என் பித்தளைக் கூஜாவில் பேர் வெட்டக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். காற்றெல்லாம் ஆவாரம்பட்டையில் ஊறிய தோலின் நாற்றம். ஆசாரி கூஜாவை மணல் நிரப்பிய தோல் பையின் மீது வைத்திருக்கிறார். உளி பிடித்த கை அசைவதே இல்லை. இடக்கைதான் கூஜாவைத் திருப்புகிறது.

தோல் கிடங்குக்காரர் ஒருவர் வேகமாக வந்து, பிறை வெட்டிய இரண்டு பித்தளை முத்திரைகளை அவர் முன் வைக்கிறார்.

"பேஜாரா போச்சு ஆசாரி. மட்டமான தோல்ல என் முத்திரையக் குத்தி மதராசுக்கு அனுப்பியிருக்கானுங்க. இது நீ வெட்டினது. இந்த ரெண்டாவது என் கிடங்கு மூலையில கெடச்சுது. எவன் வெட்டின திருட்டு முத்திரை இது?"

எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றன. ஆசாரி கண்ணை மூடிக்கொண்டு, பிறையின் பள்ளத்தில் கட்டைவிரல் நகத்தை ஓட்டுகிறார்.

"உளிய நகத்தி வெட்டறவன் கோடு வளைவுல தட்டும் பாய். இது தட்டல, உளிய அசைக்காம பொருளத் திருப்பி வெட்டினது. ரெண்டும் என் வேலைதான். பழசு தேஞ்சு போச்சுன்னு உங்க தம்பிதான் போன மாசம் வாங்கிட்டுப் போனாரு."

தெரியாது என்று சொல்லியிருந்தால் வம்பில்லை. தன் கோட்டை வேறொருவன் கோடு என்று சொல்ல இந்த மனிதருக்கு வாய் வரவில்லை.

கிடங்குக்காரரின் முகம் இறுகுகிறது. "இந்த ரெண்டாவத அராவி அழிச்சிடு."

ஆசாரி அரத்தை எடுத்து முத்திரையோடு சேர்த்து அவர் கையில் வைக்கிறார்.

"வெட்டினது நானு. அழிக்கிறத உங்க தம்பி பண்ணட்டும்."