ஏழாவது படிக்குள் ஒரு கல்

எங்கள் வீட்டுக்கு ஏறிவர முப்பத்தெட்டுப் படிகள். கண்டியில் மலைச்சரிவில் குடியிருப்பவர்களுக்கு இது ஒரு பெரிய விஷயமில்லை. எங்களுக்கு மேலே இருப்பவர்கள் இன்னும் ஐம்பது ஏறவேண்டும். ஆனால் எங்கள் படிகளில் ஒரு விசேஷம் உண்டு. மேலிருந்து எண்ணி வந்தால் ஏழாவதாக வரும் படியில் எங்கள் வீட்டார் யாரும் கால் வைப்பதில்லை. எட்டிலிருந்து ஆறுக்கு ஒரே தாண்டு. தோளில் காஸ் சிலிண்டர் இருந்தாலும் அப்படித்தான். என் பிள்ளைகளும் நடக்கப் பழகிய காலத்திலிருந்து தாண்டுகிறார்கள். போன வாரம் வீட்டை ஒதுக்கித் துப்புரவாக்கும்போது, குப்பைப் பையோடு இறங்கிய சின்னவள் பாதியில் நின்று, "ஏம்பா இதுல மிதிக்கக் கூடாது?" என்று கேட்டாள். நின்ற இடத்தில் சொல்லி முடிக்கிற கதை இல்லை. அதனால் எழுதுகிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அக்கா சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். எங்கே படித்தாள் என்றால், குசினியில். அரிசிப் பெட்டியின் மேல் கொப்பியை வைத்து, அம்மா தாளிக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்து படித்தாள். அவளுடைய வரலாற்றுக் கொப்பியில் பருப்புக் கறி தெறித்திருந்ததைப் பார்த்து, "இது எந்த ராசா காலத்துப் பருப்பு?" என்று டீச்சர் கேட்டாராம். அக்கா அன்று வீட்டுக்கு வந்து அழுதாள்.

வீட்டில் இடம் இல்லாமல் இல்லை. பின்பக்கம் ஜன்னலோடு ஒரு சின்ன அறை இருந்தது. அதற்குள் போகத்தான் முடியாது. அது அப்பாவின் சாமான்கள் குடியிருந்த அறை.

அப்பாவுக்கு டவுனில் ஒரு புடவைக் கடையில் வேலை. கடையில் எதை வீச எடுத்தாலும் அப்பாவின் கை நடுவில் போய் மறிக்கும். துணி சுற்றி வரும் அட்டைக் குழல்கள், வெறும் பெட்டிகள், துணி கிழிந்த மூன்று குடைகளின் கம்பிகள், அடித்தால் மட்டும் பேசும் ஒரு ரேடியோ, கை ஒடிந்த கதிரை, அலுமாரி இல்லாத ஒரு அலுமாரிக் கதவு. எல்லாவற்றுக்கும் நடுவே, கடையில் சட்டை மாட்டிவைக்கும் தலையில்லாத பொம்மை ஒன்று, வீட்டுக்காரரைப்போல நெஞ்சை நிமிர்த்தி நின்றது.

"இருக்கட்டும். ஒரு நாளைக்கு வேணும்னு வரும்" என்பார் அப்பா.

"அந்த நாள் வந்தா முன்னாடியே சொல்லுங்க. குளிச்சிட்டு நிக்கிறேன்" என்பாள் அம்மா.

கொப்பியில் பருப்புத் தெறித்த கதை அப்பாவை உலுக்கிவிட்டது. மறுநாளே முதலாளியிடம் போய், அவர் வீட்டில் சும்மா கிடந்த பழைய மேசையைக் கேட்டுவிட்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னாராம். அப்பா சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே போனார். அந்த மேசை நிற்க ஓர் இடம் வேண்டும் என்பது, அம்மா திரும்பிப் பின்பக்கத்து அறையைப் பார்த்தபோதுதான் அவருக்கு உறைத்தது.

சனிக்கிழமை போயா, பௌர்ணமி விடுமுறை. கடை பூட்டு. காலையிலேயே வேலை தொடங்கியது. எல்லாவற்றையும் முற்றத்தில் பலா மரத்தடிக்குக் கொண்டுபோக வேண்டும். அப்பா ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, அது எதற்கு என்று சொல்லவேண்டும். சொன்னது அம்மாவுக்குச் சரி என்று பட்டால் மரத்துக்கு வலது பக்கம், இல்லையென்றால் இடது பக்கம். இடது பக்கம் போனது வீட்டுக்குள் திரும்பக் கூடாது. இதற்கு முன் நடந்த துப்புரவுகளில், முன்வாசலால் போன சாமான்கள் பின்வாசலால் வீடு திரும்பிய வரலாறு இருந்தது. ஆகவே பின்வாசலுக்கு ஒரு காவல்காரன் போடப்பட்டான். அது நான்.

முதல் மணித்தியாலத்திலேயே அப்பா இடுப்பில் கட்டிய சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு விறைப்பாக நடந்து வந்தார்.

"அம்மா! அப்பா சாரத்துக்குள்ள குடைக் கம்பி!"

"புடிச்சிட்டியா? அப்பிடித்தான்டா!"

"டேய், நீ எந்தக் கட்சிடா?" என்றார் அப்பா, கம்பியை என்னிடம் ஒப்படைத்தபடி.

எனக்கு அன்றுபோல் ஒரு நாள் அதற்கு முன் வாய்த்ததில்லை. தலையில்லாத பொம்மையை அப்பா கட்டிப்பிடித்துத் தூக்கி வந்ததைப் பார்த்து, அம்மா சிரிப்பு தாங்காமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அக்கா அதற்குத் தன் பள்ளிக்கூட டையைக் கட்டிவிட்டாள். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, சட்டை தைத்துப் பார்க்க உதவும் என்று அதைக் கேட்டார். அப்பா முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்கவேண்டுமே.

"பாத்தியா? வேணும்னு வரும்னு சொன்னேனா இல்லையா?"

"பத்து வருஷத்துல ஒன்னு வந்திருக்கு. மத்ததெல்லாம் வர நான் இருக்க மாட்டேன்" என்றாள் அம்மா.

பகல் சாப்பாடும் மரத்தடியில்தான். அலுமாரிக் கதவைப் பெட்டிகளின் மேல் படுக்கவைத்து, அதில் சோற்றையும் பருப்பையும் சம்பலையும் வைத்து நான்கு பேரும் சுற்றி உட்கார்ந்தோம். வீட்டுக்குள் நாங்கள் ஒருநாளும் நான்கு பேராக உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. அம்மா எப்போதும் பிறகுதான் சாப்பிடுவாள். அன்று அவளும் உட்கார்ந்தாள். அடித்தால் பேசும் ரேடியோவை அப்பா இரண்டு தட்டுத் தட்டினார். அது பாடியது.

பின்னேரம் அறை காலியானது. மூலையில் ஒரே ஒரு சாமான் மட்டும் மிச்சம். ஓர் அம்மிக் குழவி. அம்மியில் உருட்டி அரைக்கும் உருளைக் கல், வழுவழுவென்று.

எங்கள் குசினி அம்மிக்குத் தனியாக ஒரு குழவி இருந்தது. "இதுக்கு அம்மி எங்கங்க?" என்று கேட்டாள் அம்மா.

"அங்க இருக்கு."

"அங்கன்னா எங்க?"

"ஹேவாஹெட்டையில."

ஹேவாஹெட்டைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், ஒரு காம்பராவில்தான் அப்பா பிறந்து வளர்ந்தார். அவர் தன் சாமான்களில் எதற்கும் இப்படிச் சுருக்கமாகப் பதில் சொன்னதில்லை. அம்மா மேலே கேட்காமல் விளக்குமாற்றை எடுக்கப் போய்விட்டாள்.

ஜன்னல் வெளிச்சம் விழுந்தது அந்த மூலையில்தான். மேசை அங்கேதான் வரவேண்டும். அக்கா தரையில் உட்கார்ந்து, மேசை இருப்பதுபோல் நினைத்துக் காலை நீட்டிப் பார்த்தாள். பெருவிரல் கல்லில் இடித்தது.

"இது மேல கால வச்சிக்கிட்டா படிக்கிறது?"

"கால் வைக்காத!" என்றார் அப்பா.

சத்தம் போட்டே பழகாத மனுஷன். அக்கா பயந்து காலை இழுத்துக்கொண்டாள். அப்பாவும் தன் குரலுக்குத் தானே பயந்தவர்போல, "ஒரு பக்கமா இருந்துட்டுப் போகட்டும்மா" என்று மெல்லச் சொன்னார்.

பிறகுதான் நான் அந்த அதிசயத்தைக் கண்டுபிடித்தேன். வெறும் அறையில் நின்று என் பெயரைக் கத்தினேன். சுவர்கள் அதைத் திருப்பிக் கத்தின. அக்கா வலியை மறந்து தன் பெயரைக் கத்தினாள். அம்மாவும் வந்து, சின்னப் பிள்ளைபோல வெட்கப்பட்டு, "கூ" என்றாள். "அப்பா, நீங்களும் வாங்க!" என்று கூப்பிட்டோம். அவர் வாசலோடு நின்றார். உள்ளே கால் எடுத்து வைக்கவில்லை. அறையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், "சத்தம் போடாதீங்க" என்று சொல்லிவிட்டு முற்றத்துக்குப் போனார். சாமான் போன கவலை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஆனால் எனக்கும் ஒரு கவலை இருந்தது. காவல்காரன் கண்முன்னாலேயே ஒரு சாமான் அறைக்குள் தங்கிவிட்டது. அதுவும் அக்காவின் காலை இடிக்கிற இடத்தில்.

மறுநாள் காலை அப்பா மேசை எடுக்கப் போனார். அந்த வருஷத்து மழைக்கு எங்கள் மேல் படிகள் பத்தும் சரிந்திருந்ததால், கடுகண்ணாவையிலிருந்து வந்த மேசன் பாஸ் ஒருவர் கீழிருந்து மேலாக அவற்றைக் கட்டிக்கொண்டு வந்தார். சிங்களவர். தமிழ் நன்றாகவே பேசுவார். படியின் வயிற்றுக்குள் கல் போட்டு நிரப்பி, மேலே கொங்கிரீட் ஊற்றவேண்டும். கல் போதவில்லை.

"தம்பி, வீட்டுப் பக்கம் கல்லு இருந்தா கொண்டு வாங்க. பெரிய கல்லுன்னா நல்லம்."

நான் மூன்று நான்கு கற்கள் பொறுக்கிக் கொடுத்தேன். பிறகுதான் மின்னல்போல அந்த யோசனை வந்தது. குழவியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்கச் சரிவில் இறங்கினேன்.

பாஸ் அதைத் தடவிப் பார்த்தார். "இது வீட்டுக் கல்லு தானே? அம்மா ஏச மாட்டாங்களா?"

"தேவையில்லாத சாமான்" என்றேன். இரண்டு நாளாக அந்தச் சொல்லைத்தான் வீட்டில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவர் அதை நடுவில் வைத்து, சுற்றிலும் சின்னக் கற்களை இறுக்கி, கொங்கிரீட்டை ஊற்றிக் கரண்டியால் தடவினார். நான் நிமிர்ந்த நடையோடு வீட்டுக்குப் போனேன்.

மேசை வர மதியமாகிவிட்டது. அதற்குள் பாஸ் மேலே இன்னும் இரண்டு படிகள் கட்டி முடித்திருந்தார். ஈரப் படிகளின் மேல் பலகை போட்டு, அப்பாவும் கடைப் பெடியன் ஒருவனும் மேசையைத் தூக்கி வந்தார்கள். அறைக்குள் வைத்தார்கள். ஜன்னல் வெளிச்சம் பலகை முழுவதும் விழுந்தது. அக்கா இரண்டு கையாலும் அதைத் தடவினாள். அப்பா குனிந்து மேசைக்குக் கீழே பார்த்தார்.

"கல்லு எங்க?"

நான் பாராட்டு வாங்கத் தயாராக முன்னால் வந்தேன். "படி கட்டக் குடுத்துட்டேன்பா. அக்காவுக்குக் கால் இடிக்காது."

அப்பா ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அன்றுதான். நாங்களும் பின்னால் ஓடினோம். பாஸ் எழுந்து நின்றார். அவருக்கும் விளங்கிவிட்டது.

"இன்னும் சரியா இறுகல்ல மஹத்தயா. சொன்னா ஒடச்சி எடுக்கலாம். ஆனா மேல இருக்கிற ரெண்டு படியும் சேந்து போயிரும். போனா பரவால்ல, நான் திரும்பக் கட்டித் தாறேன்."

"எனக்காகத்தான்பா அவன் குடுத்தான்" என்று அக்கா அழத் தொடங்கினாள். "எனக்கு மேசையே வேணாம்பா."

அப்பா அந்தப் படியின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். அவர் எனக்கு ஓர் அறை விடுவார் என்று காத்திருந்தேன். விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. இனிக் கட்டவேண்டிய நான்கையும் சேர்த்து, மேலிருந்து விரலால் எண்ணிக்கொண்டு வந்தார். ஏழு.

"ஒடைக்க வேணாம் பாஸ்" என்றார் கடைசியில். "இருக்கட்டும். எங்க இருக்குன்னு தெரியுது தானே."

பிள்ளைகளே, இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும். இது எனக்குத் தெரிந்தது பல வருஷங்கள் கழித்து. பின்னேரங்களில் அப்பா எட்டாவது படியில் உட்கார்ந்து பிளேன்டீ குடிப்பது வழக்கமாகியிருந்தது. நாங்களும் ஒவ்வொருவராகப் போய் உட்காருவோம். எங்கள் வீட்டின் பாதிச் சிரிப்பு அந்தப் படியில்தான் நடந்தது. அப்படி ஒரு பின்னேரம், பெரியவன் பிறந்திருந்த சமயம், அவனை மடியில் வைத்துக்கொண்டு அப்பா சொன்னார்.

லயத்தில் அடுத்த காம்பராவில் அவருக்கு ஒரு கூட்டாளி இருந்தான். இரண்டு பேருக்கும் பதினொரு வயது. தோட்டத்து ஆட்களை அரசாங்கம் இந்தியாவுக்குத் திருப்பியனுப்பிய காலம், கூட்டாளி வீட்டாருக்கும் போகச்சொல்லிக் கடுதாசி வந்துவிட்டது. லொறியில் சட்டி பானை ஏறியது, பாய் ஏறியது. அம்மியை ஏற்ற இடமில்லை என்றுவிட்டார்கள். அந்தப் பையன் குழவியை வயிற்றோடு அணைத்துத் தூக்கி வந்து அப்பாவிடம் கொடுத்தானாம்.

"இத நீ வச்சிரு. குழவி இல்லாட்டி அம்மிய யாரும் எடுக்க மாட்டாங்க. நான் வந்து ரெண்டையும் சேத்து எடுத்துக்குறேன்."

லொறி போன பிறகு அப்பா அந்தக் காலிக் காம்பராவுக்குள் போய், கூட்டாளியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாராம். சுவரிலிருந்து அவருடைய குரல்தான் திரும்பி வந்ததாம். ஒரு கடிதமும் வரவில்லை. வேலை தேடிக் கண்டிக்கு வந்தபோது, அப்பாவின் கையில் ஒரு உடுப்புப் பையும் அந்தக் கல்லும் மட்டும் இருந்தன.

ஆனால் இதெல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தெரியாது. அன்று நான் படிகளுக்கு மேலே முற்றத்து ஓரத்தில் நின்று தேம்பிக்கொண்டிருந்தேன். அப்பா பலகை வழியாக, அந்தப் படியை ஒரே எட்டில் தாண்டி மேலே வந்தார். விளையாட்டு என்று நினைத்தேன். என் தோளில் கை வைத்து, அந்த அறைக்குள் என்னையும் அக்காவையும் கூட்டிக்கொண்டு போனார். மேசையைத் தவிர உள்ளே ஒன்றும் இல்லை.

"நேத்து என்னமோ கத்துனீங்களே, எப்பிடி?"

நான் அழுகையோடு என் பெயரைக் கத்தினேன். சுவர் திருப்பிக் கத்தியது. அப்பா மூச்சை இழுத்தார்.

"மாரிமுத்து!"

நானும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். எங்கள் சொந்தத்தில் அப்படி யாரும் இல்லை. "கடையில யாராவது இருக்கும்" என்று அக்கா என் காதில் சொன்னாள். அப்பா இன்னொரு முறை கத்தினார். சத்தம் நன்றாக இருந்தது. நானும் சேர்ந்து கத்தினேன், அக்காவும் கத்தினாள். குசினியிலிருந்து, "யாரடா அது மாரிமுத்து?" என்று அம்மா கேட்டாள். அது எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது. மூன்று பேரும் இன்னும் கத்தினோம். அப்பா எங்கள் இரண்டு பேரையும்விடச் சத்தமாகக் கத்தினார். சிரித்துக்கொண்டேதான் கத்தினார், கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் கத்தினார்.

அப்பாவுக்கு அவ்வளவு பெரிய குரல் இருக்கிறது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அதற்குமேல் எதுவும் தெரியவில்லை.