என் பெஞ்சும் கல்லூரி மிஸ்ஸும்

ஓப்பநாயக்க கடைவீதியில் என் சில்லறைக்கடை வாசலில் ஒரு பெஞ்சு கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதுதான் நீதிமன்றம். மேலே தேயிலைத் தோட்டத்திலிருந்து சாமான் வாங்க இறங்கி வருகிறவர்கள் வழக்குகளையும் கொண்டுவருவார்கள். நான் பருப்பு நிறுத்தபடியே தீர்ப்புச் சொல்வேன். என் தகுதி என்னவென்றால், பொட்டலம் மடிக்க வந்த பத்திரிகைகளை மடிப்பதற்கு முன் படித்துவிடுவேன். அத்தோடு, இரவல் வாங்கித் திருப்பிக் கொடுக்காத சில தடித்த புத்தகங்கள்.

என் தீர்ப்புகளில் எனக்கே மிகவும் பிடித்தது பலாமரத் தீர்ப்பு. தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் ஒரே லயத்தில் கங்காணி ஒருவரும் அவருடைய தங்கை புருஷனும் அடுத்தடுத்த காம்பரா வீடுகளில் இருந்தார்கள். மரம் கங்காணியின் பக்கம், கிளைகள் மச்சானின் கூரைமேல். அடிமரத்தில் காய்ப்பது கங்காணிக்கு, கிளையில் காய்ப்பது மச்சானுக்கு என்றேன். மரம் அன்று கடைக்கு வந்திருக்கவில்லை. அடுத்த பருவத்தில் எல்லாவற்றையும் அடிமரத்திலேயே காய்த்து வைத்தது. ஆனாலும் இருவரும் கட்டுப்பட்டார்கள். பேச்சுவார்த்தையை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். சத்தமில்லாததால் அதைச் சமாதானம் என்று எடுத்துக்கொண்டேன்.

இது தொண்ணூறுகளின் பின்பாதி. அப்போதுதான் மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் ஒழுக்கவியல் நிலையம் திறந்தார்கள். திறந்தவர்கள் கல்லூரிக்குள்ளேயே இருந்திருக்கலாம். ஞாயிறுதோறும் ஓர் இளம் பெண் விரிவுரையாளரைத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக்காம்பரா ஞாயிறு பூட்டிக் கிடக்கும். அதில் கூட்டம் போட்டு, எது நியாயம், எது நியாயமில்லை என்று சனங்களைப் பேச வைத்தார். ஒரு மாதம் தாங்காது என்று கடையில் அறிவித்தேன்.

அந்த மாதம் முடியும் முன் கங்காணி வந்தார்.

"மொதலாளி, இந்தப் பெஞ்ச கொஞ்சம் தரணும். பிள்ளைக்காம்பராவுல ஒக்கார எடமில்ல, சனம் வெளிய நிக்கிது."

"இது தீர்ப்புச் சொல்ற பெஞ்சுங்க கங்காணி."

"அங்க தீர்ப்பெல்லாம் இல்லீங்க. மிஸ் கேள்வி மட்டுந்தான் கேப்பாங்க."

"கேள்வி கேக்க ஒரு கல்லூரியா? எங்க வீட்டுல தெனமும் நடக்குது."

"பதில் வந்தாத்தானே நிறுத்துறதுக்கு" என்றாள் என் மனைவி, அரிசி மூட்டைக்குப் பின்னாலிருந்து.

பெஞ்சு, நான் ஒருநாள் போகவேண்டிய மாதிரி, நான்கு தோள்களில் போயிற்று.

அதற்குப் பிறகு ஞாயிறு என்றால் சாமான் வாங்கினார்கள், போனார்கள். "நேரமாச்சுங்க மொதலாளி, மிஸ் வந்திருவாங்க." நான் மழையை நம்பினேன். மழை வந்தது, அவரும் குடையோடு வந்தார். அட்டைகளை நம்பினேன். அவை தங்கள் கடமையைச் செய்தன. ஆனால் மிஸ்ஸின் காலில் ஓர் அட்டை ஏறியதற்கு முழு லயமும் அதை விழவைக்கச் சவர்க்காரக் கட்டியோடு ஓடியதாம். என்னை அட்டை கடித்தால் என் வீட்டில் யாரும் தலையைக்கூடத் திருப்புவதில்லை.

கடைசியில் நானே, மனைவியையும் கூட்டிக்கொண்டு, போனேன். பெஞ்சு பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்க வந்ததாகச் சொல்லி, அதன் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவருடைய முறை எளிமையானது: வழக்குள்ளவன் முதலில் எதிராளியின் கட்சியைப் பேசவேண்டும். "சரியாச் சொன்னான்" என்று எதிராளி ஒத்துக்கொண்ட பிறகுதான் தன் கட்சி. இவ்வளவுதானா என்று நான் ஏளனமாகச் சிரிக்கத் தொடங்கியபோது கங்காணி எழுந்தார். பலாமரம்!

"நான் இப்ப மச்சானுங்க" என்று ஆரம்பித்தார். "மரம் கங்காணி எடத்துல நிக்கிது, சரி. எல குப்ப பூரா எங்க கூரையில. மழ பேஞ்சா தண்ணி போற கானு அடைக்கிது. அதக் கூட்டி அள்ளுறது என் பொஞ்சாதி. அவ யாரு? கங்காணிக்குக் கூடப்பொறந்த தங்கச்சி. ஒரு சொள குடுத்தானா அவளுக்கு?"

சொல்லிவிட்டு, சரிதானா என்று மச்சான் இருந்த பக்கம் திரும்பினார்.

பின்னாலிருந்து மச்சானின் குரல் வந்தது. "தகரம் ஒடஞ்சதையும் சொல்லு மச்சான்!"

"ஹரி ஹரி, சரி, அதுக்குத்தான் வாறேன், இரு!"

கூட்டம் சிரித்தது. என் சமாதானம் தொடங்கிய நாளிலிருந்து அவர்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு அது. பிறகு மச்சான் கங்காணியாகிப் பேசினார். காய் எங்கே காய்த்தாலும், வெட்டுகிற அன்று இரண்டு வீட்டிலும் கறி, கானை இருவரும் சேர்ந்து துப்புரவாக்குவது என்று முடிந்தது. மிஸ் வாயைத் திறந்ததே இரண்டொரு தடவைதான்.

அதில் ஒரு தடவை, "அடிமரம் ஒருத்தருக்கு, கிளை ஒருத்தருக்குன்னு பிரிச்சது யாரு?" என்று கேட்டார்.

என் மனைவி என்னைப் பார்த்தாள். கங்காணி என்னைப் பார்க்கவில்லை. "அது எங்களுக்கே தோணுனதுங்க மிஸ்" என்றார்.

என் மானத்தைக் காப்பாற்றினார். எனக்கென்னவோ, பெஞ்சோடு என் ஆகச்சிறந்த தீர்ப்பையும் அவர்களே தூக்கிக்கொண்டு போய்விட்டது போலிருந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம், பெஞ்சில் ஒரு கால் ஆடுகிறது, அவர்கள்தான் ஆட்டிவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

"சரிங்க" என்றாள் மனைவி. "இப்ப கொஞ்சம் அந்த மிஸ் பக்கத்தப் பேசுங்க பாப்பம்."

நான் நடையை எட்டிப் போட்டேன்.

அடுத்த வருடம் கல்லூரி அவரைக் கொடகவெல பக்கத்துத் தோட்டங்களுக்கு அனுப்பியது. தோட்டமே கண்ணைத் துடைத்துக்கொண்டு வழியனுப்பியது. நானும் போய்க் கையசைத்தேன். மற்றவர்களைவிடக் கொஞ்சம் உற்சாகமாகவே. பெஞ்சு வாசலுக்குத் திரும்பியது. ஆடிய காலுக்கு ஆப்பு வைத்தேன், துடைத்தேன், காத்திருந்தேன்.

வந்தார்கள். ஒருத்தியின் ஆடு மற்றவளின் காய்கறிப் பாத்தியில் போஞ்சிக் கொடியைத் தின்றுவிட்டது. இருவரையும் உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்தேன். ஆடு, வேலி, உடைமை என்று தீர்ப்பு வாய்வரை வந்துவிட்டது.

"பொறுங்க மொதலாளி, நீங்க ஒண்ணும் பேசிராதீங்க" என்றாள் ஆட்டுக்காரி. "மொதல்ல நான் அவ பக்கத்தப் பேசிக்கிறேன்."

பேசினாள். மற்றவள் நடுவில் திருத்தினாள், அப்புறம் ஆட்டின் பக்கத்தைக்கூடப் பேசினாள். தேத்தண்ணி ஆறுவதற்குள் முடித்துக்கொண்டு எழுந்துவிட்டார்கள்.

"ரொம்ப நன்றிங்க மொதலாளி. பெஞ்சு இருந்தது நல்லதாப் போச்சு."

நான் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.